பிஷப்பும் கண்காணியும்

ஆங்கில அகராதியில், கிறிஸ்தவப் பேராயரைக் குறிக்கும் பிஷப் என்ற சொல்லை எடுத்தால் 'பிஷ்', 'அப்' என்று இரண்டு அசைகளாகப் பிரித்திருக்கும். அழுத்தம் முதல் அசையில். இரண்டாவதை விழுங்குவதுபோல் சொல்ல வேண்டும். எழுத்தில் 'ஓ' இருக்கிறதே என்று 'பிஷோப்' என்று நீட்டிவிடக் கூடாது.

ஆனால் அந்தப் பிரிப்புக்கும் சொல் பிறந்த விதத்துக்கும் சம்பந்தமே இல்லை. மூலம் கிரேக்கத்தின் 'எபிஸ்கோபோஸ்'. 'எபி' என்றால் மேலே, 'ஸ்கோபோஸ்' என்றால் பார்ப்பவர். டெலஸ்கோப்பில் இருப்பதும் இந்த 'ஸ்கோப்' உறவுதான். லத்தீன் வழியாக இங்கிலாந்துக்குப் போனபோது முன்னால் இருந்த 'எ' உதிர்ந்தது, 'ப' ஒலி 'p'யிலிருந்து 'b' ஆக மெலிந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்க்' ஒலி 'ஷ்' ஆக மாறியது. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்', மீனைக் குறிக்கும் 'ஃபிஷ்' இரண்டும் அப்படி வந்தவையே. ஆக, அகராதி கோடு கிழிப்பது நேராக 'ஸ்கோப்'பின் வயிற்றில்! பிரெஞ்சுக்காரர்களோ இதே சொல்லைத் தேய்த்துத் தேய்த்து 'எவேக்' ஆக்கிவிட்டார்கள். இரண்டும் உடன்பிறப்புகள் என்று சத்தியம் செய்தாலும் நம்புவது கடினம்.

எனக்கு மிகவும் பிடித்தது தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு. 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்தில் இந்தப் பதவிக்கு அது வைத்த பெயர் 'கண்காணி'. கிரேக்கத்துக்கு அச்சு அசலான சொல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர் தோட்டங்களிலும் ஆள் பிடித்து, வேலை வாங்கியவருக்கும் அதே பெயர்தான். பேராயர்கள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.