மாலை கழட்டிய மறுநாள்

எங்கள் பக்கம் குடிக்கிறவனைத் திருத்த இரண்டு வழி சொல்வார்கள். கோயிலில் கயிறு கட்டுவது, இல்லாவிட்டால் ஐயப்பனுக்கு மாலை போடுவது. எனக்கு இரண்டும் நடந்தது. கயிறு நிற்கவில்லை. மாலை மட்டும் வருஷா வருஷம் வேலை செய்தது. கார்த்திகை ஒன்றாம் தேதி கழுத்தில் ஏறினால் 41 நாளும் ஒரு சொட்டு தொடமாட்டேன், மலைக்குப் போய்வந்து கழட்டினால் மறுநாள் பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும்போது வாசலில் நிற்பேன். சாமி சக்தி அவ்வளவுதானா மாமா என்று என் மச்சினன் கிண்டல் செய்வான்.

அந்தக் கிண்டலுக்குப் பதில் ஏஏ கூட்டத்துக்குப் போன பிறகுதான் கிடைத்தது. ஏஏ என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு. மதுரையில் ஒரு சர்ச் பள்ளிக்கூட வகுப்பறை, சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொல்கிறார்கள், யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. கட்டணமும் கிடையாது. குடியை விடணும் என்ற ஆசை ஒன்றுதான் சேருவதற்குத் தகுதி.

முதலில் எனக்கு இது ஏதோ மதம் மாற்றுகிற வேலையோ என்று சந்தேகம். குடியிலிருந்து மீள ஏஏ சொல்கிற பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், ஆனால் 'நாங்கள் புரிந்துகொண்ட' கடவுள் என்றுதான் வருகிறார். எங்கள் குழுவில் விபூதிக்காரரும் உண்டு, பாயும் உண்டு, கடவுள் இல்லை என்கிற கறுப்புச்சட்டைக்காரர் ஒருவரும் உண்டு. பிரார்த்தனை நேரத்தில் அவர் வாயைத் திறக்கமாட்டார், ஆனால் அறையைத் திறந்து டீக்குச் சொல்லி வைப்பது அவர்தான்.

அங்கே உட்கார்ந்து கேட்கக் கேட்கத்தான் மாலை விஷயம் பிடிபட்டது. மாலை போட்டிருக்கும்போது தினமும் சாயங்காலம் பஜனை, தலைக்கு மேல் ஒரு குருசாமி, தெருவே சாமி என்று கூப்பிடும், கூடக் குடித்த பயல்களே கிட்ட வரமாட்டார்கள். கழட்டியதும் இத்தனையும் ஒரே நாளில் போய்விடும், மிச்சம் இருப்பது நானும் கடையும். ஐயப்பன் கைவிடவில்லை, கூட்டம்தான் கலைந்துபோனது. ஏஏவில் கழட்டுகிற தேதி கிடையாது. இன்று ஒரு நாள் குடிக்கவில்லை, அவ்வளவுதான் கணக்கு.

என் ஸ்பான்சர், அதாவது எனக்கு முன்னாடியே குடியை விட்டு எனக்குத் துணையாக இருக்கிறவர், ரிட்டையரான பஸ் கண்டக்டர். "தம்பி, ஊத்துறதுக்கு முன்னாடி போன் பண்ணு, ஊத்தின பிறகு பண்ணிப் பிரயோஜனம் இல்லை" என்பார். ராத்திரி பதினோரு மணிக்கும் எடுப்பார். ஏஏ பிறந்த கதையே ஒரு போனில்தான் ஆரம்பிக்கிறது. 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் ஊர் ஓட்டலில் குடிக்கத் துடித்த பில் வில்சன், பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடி வரிசையாகப் போன் போட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். இவர்கள் இரண்டு பேரும்தான் ஏஏவை ஆரம்பித்தவர்கள்.

ஒன்று மட்டும். தினமும் நிறையக் குடிக்கிறவர் மாலையை நம்பியோ கூட்டத்தை நம்பியோ சட்டென்று நிறுத்த வேண்டாம். இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத உருவம் தெரியலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் கூட்டம்.

வீட்டாருக்கு ஆல்-அனான் என்று தனியாக இருக்கிறது, என் மனைவி போகிறாள். குடிக்கிறவர் வர மறுத்தாலும் வீட்டார் போகலாம். ஏஏவிலும் 'திறந்த கூட்டம்' என்று போட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம், பேசச் சொல்லமாட்டார்கள்.