ஒரே எண்ணில் இரண்டு பேர்

நுழைவாயிலில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தவர் கூடவே ஒரு தாளையும் நீட்டினார். இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் பெயர்கள். எண், பெயர், ஆடும் இடம், உயரம், எடை, எந்த ஆண்டு மாணவன், எந்த ஊர், எந்தப் பள்ளி. படிக்கட்டில் நின்றபடியே எண்ண ஆரம்பித்தேன். நூறைத் தாண்டியதும் பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்று எண்ணினேன். நூற்றைம்பதையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. களத்தில் ஒரு நேரத்தில் நிற்பது பதினொரு பேர்தான்.

"அத்தான், எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சிடும், வாங்க" என்றான் மாப்பிள்ளை. என் மனைவியின் தம்பி. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸில் வேலை. அவனைப் பார்க்க வந்த மூன்று வாரத்தில், அக்டோபர் சனிக்கிழமை ஒன்றில், அவன் அலுவலக நண்பர் தன் பழைய கல்லூரியின் கால்பந்து ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் கொடுத்திருந்தார்.

அந்தக் கல்லூரி காலேஜ்வில்லில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ். மினியாபோலிஸிலிருந்து வடமேற்கே 94-ஆம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் இருபுறமும் காடு. மேப்பிள் மரங்கள் பாதி மஞ்சளும் பாதி சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தன. மரங்களுக்கு மேலே தட்டையான கான்கிரீட் பலகை ஒன்று நிமிர்ந்து தெரிந்தது. 112 அடி உயரம், நடுவில் மணிகள். கட்டடக் கலைஞர் மார்செல் பிராயர் வடிவமைத்து 1961-இல் கட்டி முடித்த தேவாலயத்தின் முகப்பு அது. பெனடிக்டின் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் 1850-களில் இந்த மாநிலத்துக்கு வந்து மடமும் பள்ளியுமாகத் தொடங்கியது இன்று பல்கலைக்கழகமாக நிற்கிறது. ஆண்களுக்கான கல்லூரி, மாணவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். பெண்களுக்கான செயின்ட் பெனடிக்ட் கல்லூரி பக்கத்து ஊரான செயின்ட் ஜோசப்பில். இரண்டுக்கும் இடையே பேருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது.

1,500 மாணவர்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கால்பந்து அணியில். பத்தில் ஒருவர். அந்தக் கணக்குதான் என்னை அன்று முழுக்கப் பிடித்து வைத்திருந்தது.

இங்கே கால்பந்து என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை. தலைக்கவசம் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. நூறு கஜம் நீளமுள்ள களம். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி. தாக்குவதற்குப் பதினொரு பேர், தடுப்பதற்கு வேறு பதினொரு பேர், உதைப்பதற்கு இன்னொரு கூட்டம். ஒவ்வொரு இடத்துக்கும் மாற்று ஆள், அவருக்கும் மாற்று ஆள். அதனால் எந்த அணியிலும் பட்டியல் நீளம்தான். ஆனால் இவ்வளவு நீளம் தேவையால் வந்தது இல்லை. வருகிறவனைத் திருப்பி அனுப்பாததால் வந்தது.

அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இருந்தவர் ஜான் கல்யார்டி. 1953-இல் இங்கே பயிற்சியாளராக வந்தவர் 2012 வரை அறுபது பருவங்கள் இருந்தார். அதற்கு முன் மொன்டானாவில் நாலு ஆண்டு. மொத்தம் 489 வெற்றிகள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வேறு யாரும் தொடாத எண்ணிக்கை. இரண்டாம் உலகப் போருக்கு அவருடைய பள்ளிப் பயிற்சியாளர் போய்விட, பதினாறு வயதில் தன் அணிக்குத் தானே பயிற்சி கொடுக்கத் தொடங்கியவர். தான் மாணவனாக இருந்தபோது எதையெல்லாம் வெறுத்தாரோ அதையெல்லாம் தூக்கி எறிந்தார். பயிற்சியில் விசில் கிடையாது. ஒருவரை ஒருவர் மோதித் தள்ளிச் சாய்ப்பது கிடையாது. அது சனிக்கிழமைக்கு மட்டும். அவரை யாரும் 'கோச்' என்று கூப்பிடக் கூடாது, 'ஜான்' என்றுதான் கூப்பிட வேண்டும். உடற்பயிற்சிக்குப் பதிலாகப் பையன்கள் புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனிடம் 'எவ்வளவு அழகான நாள் பார்' என்று சொல்வதையே ஒரு பயிற்சியாக வைத்திருந்தார். 2018-இல் தொண்ணூற்றொரு வயதில் இறந்தார்.

மென்மையாக நடத்தினால் தோற்றுப் போவார்கள் என்று நினைப்பவர்களுக்கு 2003-ஆம் ஆண்டைச் சொல்ல வேண்டும். அந்த டிசம்பரில் டிவிஷன் மூன்றின் இறுதி ஆட்டத்தில், தொடர்ந்து 55 ஆட்டங்கள் வென்று வந்திருந்த ஒஹையோவின் மவுன்ட் யூனியனை 24-6 என்று வீழ்த்தியது இந்த அணி.

டிவிஷன் மூன்று என்றால் என்ன என்று மாப்பிள்ளைதான் விளக்கினான். விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை விதி. படிப்புக்கும் குடும்ப நிலைமைக்கும் கிடைக்கும் உதவி மட்டும் உண்டு. பந்தைப் பிடிக்கிறவனும் பிடிக்காதவனும் ஒரே மாதிரி கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள். தொலைக்காட்சியில் லட்சம் பேர் கூடும் அரங்குகளைக் காட்டுகிறார்களே, அது டிவிஷன் ஒன்று. அங்கே 2025 முதல் பல்கலைக்கழகங்கள் வருமானத்தில் ஒரு பங்கை வீரர்களுக்கே நேரடியாகக் கொடுக்கலாம். அந்த ஏற்பாட்டுக்குள் வந்த பல்கலைக்கழகங்களின் கால்பந்துப் பட்டியலுக்கு 105 பேர் என்ற வரம்பும் வந்துவிட்டது. சம்பளம் வந்த இடத்தில் பட்டியல் சுருங்குகிறது.

இதில் கல்லூரிக்கும் லாபம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிறிய தனியார் கல்லூரிகள் மாணவர் கட்டணத்தை நம்பித்தான் நிற்கின்றன. கால்பந்து அணி இருந்தால் நூறு பையன்கள் அதற்காகவே வந்து சேருகிறார்கள். அப்படி வந்தாலும் அந்தப் பையனுக்குச் சீருடை கிடைக்கிறது, பெயர் தாளில் ஏறுகிறது. எனக்கு அது பெரிய விஷயமாகவே பட்டது. நான் படித்த கல்லூரியில் கால்பந்து அணிப் பட்டியலில் பதினெட்டாவது பெயர் என்னுடையது. வெளியூர் போட்டிகளுக்குப் பதினாறு பேர் போவார்கள். மூன்று ஆண்டும் நான் பேருந்து நிலையம் வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

அரங்கத்தின் பெயர் கிளெமென்ஸ். அரங்கம் என்பதைவிடக் காட்டுக்குள் ஒரு பள்ளம் என்று சொன்னால் பொருந்தும். சுற்றிலும் மரங்கள், சரிவில் இருக்கைகள், இடம் கிடைக்காதவர்கள் புல்சரிவில் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். மாணவர்கள் அத்தனை பேரும் வந்தாலும் அதில் கால்வாசி தேறாது. டிவிஷன் மூன்றில் பார்வையாளர் எண்ணிக்கையில் பல ஆண்டுகள் முதலிடம் இந்தக் கல்லூரிக்குத்தான். 2017-இல் பரம எதிரியான செயின்ட் தாமஸுடன் ஆடிய ஆட்டத்தை மினியாபோலிஸ் பேஸ்பால் அரங்குக்கு மாற்றியபோது 37,355 பேர் வந்தார்கள். டிவிஷன் மூன்று அதுவரை காணாத கூட்டம்.

அந்தப் பகை இப்போது இல்லை. அதே 2017-இல் செயின்ட் தாமஸ் இன்னொரு கல்லூரியை 97-0 என்று தோற்கடித்தது. மற்றவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2019-இல், இரண்டு கல்லூரிகளும் ஆடிவந்த கல்லூரிகளின் கூட்டமைப்பு அவர்களை வெளியேறச் சொன்னது. 2021-இல் அவர்கள் நேராக டிவிஷன் ஒன்றுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் இதைச் சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. சண்டை போட்டுக்கொண்டே இருந்த பங்காளி ஊரை விட்டுப் போனால் வருமே ஒரு வெறுமை, அது இருந்தது.

இதே மாநிலத்தில், செயின்ட் பால் நகரில், மக்காலஸ்டர் என்று ஒரு கல்லூரி. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் படித்த இடம். அந்த அணி 1974-க்கும் 1980-க்கும் இடையில் தொடர்ந்து 50 ஆட்டங்கள் தோற்றது. 1980-இல் கடைசி நொடிகளில், பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் ஒன்றில் அந்தத் தொடர் முடிந்தது. 489 வெற்றிகளைவிட இந்த 50 தோல்விகள்தான் எனக்கு அதிக நேரம் மனதில் நின்றன. இடையில் நாலு ஆண்டு படித்து, ஒரு வெற்றியும் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போனவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களும் ஒவ்வொரு வாரமும் கவசம் மாட்டிக்கொண்டுதான் இறங்கியிருப்பார்கள்.

மதியம் ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு அம்மா. சிவப்புக் கம்பளிச் சட்டை, மடியில் தொலைநோக்கி. அதே பெயர்த் தாள் அவரிடமும் இருந்தது, ஆனால் பிளாஸ்டிக் உறை போட்டது. ஒரு பெயரைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். மகன் நாலாம் ஆண்டு. தாக்கும் அணியின் முன்வரிசையில் 'கார்டு' இடம், எதிரியைத் தள்ளிப் பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி விடும் ஆள். ஊர் மேற்கே, சோளமும் சோயாவும் போடுகிற குடும்பம், காரில் இரண்டு மணி நேரம். அறுவடை நேரம் என்பதால் கணவர் வரவில்லை.

அப்போதுதான் கவனித்தேன், அவர் வட்டமிட்ட எண் தாளில் இரண்டு முறை இருந்தது. கேட்டேன். "ஆமாம், ரெண்டு பேருக்கும் அதே எண்தான்" என்றார். சட்டைக்கு 0 முதல் 99 வரைதான் எண்கள். பையன்கள் அதற்கு மேல். அதனால் பலரும் ஒரு எண்ணைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒரே எண்காரர்கள் இருவர் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக் கூடாது என்பது விதி. அந்த இன்னொரு பையன் தடுப்பு அணியில் முதல் வரிசை ஆள். ஆட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் ஒலிபெருக்கியில் அவன் பெயர் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் இந்த அம்மா எழுந்து நின்று கை தட்டினார். "அவன் அம்மாவும் நானும் சேர்ந்துதான் சாப்பாடு கொண்டு வருவோம். அவங்க இன்னிக்கு வர முடியல. அவங்களுக்காகவும் தட்டணும்."

நாலு வருடத்தில் உள்ளூர் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லையாம். வெளியூர் ஆட்டங்களுக்கு அணியில் எல்லோரையும் கூட்டிப் போக முடியாது; மகன் பேருந்தில் இல்லாத வாரங்களிலும் சில தடவை போயிருக்கிறார்.

கூட்டம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அங்கே பிடிபட்டது. நூற்றைம்பது பெயர், ஒவ்வொரு பெயருக்கும் அப்பா, அம்மா, தம்பி, தாத்தா, பள்ளித் தோழன். போன வருடம் வரை அந்த எண்ணைப் போட்டிருந்தவனின் குடும்பமும் பழக்கம் விடாமல் வருகிறது. அறுபது ஆண்டாக ஆளை வடிகட்டாமல் சேர்த்த அணிக்கு மினசோட்டாவின் எந்தச் சிற்றூரிலும் ஒரு வீடு இருக்கும். கறுப்பு அங்கி போட்ட துறவிகள் இரண்டு பேர் தொத்திறைச்சி ரொட்டி வாங்க வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் பையன்களின் பெயர்கள் தெரிந்திருந்தன.

இப்படிப்பட்ட அணியிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போவது அபூர்வம். போனவர்கள் கதையை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். பென் பார்ட்ச் என்ற பையன் ஒல்லியாகப் பந்து பிடிக்கிற இடத்தில் இருந்தவன். முன்வரிசைக்கு மாறச் சொன்னபோது தினமும் ஏழு முட்டை, பாலாடைக்கட்டி, சோள ரவைக் கஞ்சி, வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம், கேட்டரேட் பானம் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துக் குடித்து உடம்பு ஏற்றினான். 2020-இல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் என்ற தொழில்முறை அணி, கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வின் நாலாவது சுற்றில் அவனைத் தேர்ந்தெடுத்தது. முன் வரிசை அம்மா இதைச் சொல்லிவிட்டு, "என் பையன் கணக்குப் படிக்கிறான். பள்ளிக்கூட வாத்தியார் ஆகப் போறான்" என்று சேர்த்துக்கொண்டார். அதில் குறை எதுவும் ஒலிக்கவில்லை.

நாலாவது கால்பகுதி வரும்போது சிவப்பு அணி எட்ட முடியாத தூரம் முன்னால் போயிருந்தது. எங்கள் வரிசையில் சிலர் கிளம்பினார்கள். முன் வரிசைகளில் நேர்மாறாக, இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்கத் தொடங்கினார்கள். மாற்று ஆட்கள் இறங்கும் நேரம். அவர்களுடைய ஆட்டம் அப்போதுதான் தொடங்குகிறது.

அந்த அம்மா தொலைநோக்கியை எடுத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தொலைநோக்கியை இறக்காமலே இடது கையால் என் முழங்கையைப் பிடித்தார். களத்தின் நடுவில், குனிந்து, மூன்று விரலைத் தரையில் ஊன்றி, அந்த எண்.

பந்து பின்னால் நின்று தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் போனது. அவன் எதிரில் இருந்தவன் மார்பில் கை வைத்து இரண்டடி தள்ளினான். ஓடுகிறவன் வேறு பக்கம் ஓடினான். அவ்வளவுதான். அரங்கில் யாரும் அவனைப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் வரிசையில் எட்டுப் பேர் பார்த்தோம். மாப்பிள்ளை விசில் அடித்தான்.

ஆட்டம் முடிந்ததும் குடும்பங்கள் களத்துக்குள் இறங்குகின்றன. தடுப்பதற்கு யாரும் இல்லை. "நீங்களும் வாங்க" என்றார். போனோம். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். ஆறடிக்கு மேல். சட்டை காலையில் போட்ட மாதிரியே இருந்தது. வலது முழங்காலில் மட்டும் செயற்கைப் புல்லின் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தன. அம்மா குனிந்து தட்டிவிடப் போனார். அவன் காலை லேசாகப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவரும் கையை எடுத்துக்கொண்டு அப்படியே படம் எடுத்தார், அறுவடையில் இருக்கும் அப்பாவுக்கு அனுப்ப.

"இன்னிக்கு அஞ்சு முயற்சிக்கு நின்னான்" என்று என்னிடம் சொன்னார், விரல்களை விரித்துக் காட்டி.

"ஆறும்மா" என்றான் பையன். "கடைசில குவார்ட்டர்பேக் மண்டி போட்டு நேரத்தை முடிச்சாரே, அதுக்கும் நான்தான் நின்னேன்."