கேட் தூணில் இரண்டு சிங்கம்

எங்கள் வீட்டு கேட் தூண்களின் மேல் இரண்டு சிமென்ட் சிங்கங்கள் இருந்தன. பிடரிக்குத் தங்கக் கலர், நாக்குக்குச் சிவப்பு. தீபாவளிக்கு முந்தின வாரம் அவற்றுக்குப் புதுப் பெயின்ட் அடிக்காவிட்டால் ஆயா, அதாவது என் பாட்டி, யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில், இது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் தொண்ணூறுகளில் நான் டெக்னிகான் என்ற தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டட வரைபடம் படித்தபோது, கூடப் படித்த ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. சிங்கங்கள்தான் காரணம். வெள்ளைச் சுவர், நேர்கோடு, அலங்காரம் கூடாது என்று வகுப்பில் கேட்டுவிட்டு வந்தால், வாசலில் இதுகள் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அந்த வெட்கம் விட்டுப்போனது டெனிஸ் ஸ்காட் பிரவுன் என்ற கட்டடக் கலைஞர் எழுதியதைப் படித்த பிறகு. அமெரிக்காக்காரர் என்று நினைத்துத்தான் நூலகத்தில் எடுத்தேன். பார்த்தால் ஜோஹன்னஸ்பர்க்கில் வளர்ந்தவர், நம்ம ஊர்ப் பெண்.

1931ல் வட ரொடீசியாவில் பிறந்தார். இன்று அது ஜாம்பியா. சின்ன வயதிலேயே குடும்பம் ஜோஹன்னஸ்பர்க்குக்கு வந்துவிட்டது. அவருடைய அம்மா விட்ஸ் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து, பண நெருக்கடியால் பாதியில் விட்டவர். அம்மாவைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, கட்டடம் வரைவது பெண்கள் வேலை என்றே மனதில் பதிந்திருந்தது. 1948ல் அதே விட்ஸில் சேர்ந்தால் வகுப்பு நிறைய ஆண்கள். இவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று தோன்றியதாம். அவர் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. 1948 என்றால் இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம், நிறவெறியைச் சட்டமாக்கிய நேஷனல் கட்சி ஆட்சிக்கு வந்த வருஷம்.

1952ல் லண்டன். 1955ல் ராபர்ட் ஸ்காட் பிரவுனோடு கல்யாணம். 1958ல் இருவரும் பிலடெல்ஃபியா போனார்கள். மறு வருஷமே கார் விபத்தில் கணவர் இறந்துவிட்டார். டெனிஸுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஊர் திரும்பாமல் நகரத் திட்டமிடல் படிப்பை முடித்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலேயே பாடம் நடத்த ஆரம்பித்தார். அங்கே ஒரு பழைய நூலகக் கட்டடத்தை இடிக்கலாமா என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, கூடாது என்று வாதாடினார். கூட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து, எனக்கும் அதே கருத்துதான் என்றார். அவர்தான் கட்டடக் கலைஞர் ராபர்ட் வென்டூரி. அப்படியானால் கூட்டத்திலேயே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று டெனிஸ் கேட்டாராம். 1967ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. நூலகம் இன்னும் நிற்கிறது.

கல்யாணத்துக்கு முந்தின வருஷமே, லாஸ் வேகாஸை வந்து பாருங்கள் என்று வென்டூரியைக் கூப்பிட்டவர் டெனிஸ்தான். படித்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட ஊர் அது. கார் நிறுத்த ஒரு மைதானம், நடுவில் வெறும் பெட்டி மாதிரி ஒரு கட்டடம், சாலையோரம் அதைவிடப் பெரிய விளக்குப் பலகை. 1968ல் இருவரும் யேல் பல்கலைக்கழக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய், அதை ஏதோ பழைய ரோமாபுரியை அளப்பதுபோல் அளந்தார்கள். 1972ல் புத்தகமாக வந்தது. கட்டடம் இரண்டு வகை என்றார்கள். ஒன்று வாத்து: கட்டடத்தின் உருவமே சேதி சொல்லும். லாங் ஐலண்டில் நிஜமாகவே வாத்து உருவத்தில் ஒரு கடை உண்டு. மற்றது அலங்கரித்த கொட்டகை: உள்ளே சாதாரணப் பெட்டி, சொல்ல வேண்டியதெல்லாம் முகப்பில்.

லாஸ் வேகாஸைத் தான் பார்த்தது ஆப்பிரிக்கக் கண்ணால் என்று டெனிஸ் எழுதியிருக்கிறார். வெயில் கொளுத்தும் டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து பனி படர்ந்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரும் ஊரில் வளர்ந்தவர். படத்தில் இருக்கிற உலகம் ஒன்று, ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது வேறொன்று. அகதியாக வந்த ஓவிய ஆசிரியை ஒருவர், உன்னைச் சுற்றி இருப்பதை வரை என்று சொல்லிக்கொடுத்தாராம்.

இதைப் படித்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவைப் பார்த்தேன். புதிதாக யாரோ கட்டி வைத்த மாதிரி இருந்தது.

தாத்தா முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தவர். முனிசிபாலிட்டியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பராக்ஸில் குடியிருந்தார்கள். 1950ல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்துக்குப் பிறகு எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்பதைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். அறுபதுகளில் பராக்ஸ் ஆட்களை சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றினார்கள். வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடு. தெருவுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். முதல் வாரத்தில் ஆயா சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பக்கத்துத் தெருவில் யாரோ வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அடுப்படி வரைக்கும் போய்விட்டாராம். மறுநாளே தாத்தாவைத் தொந்தரவு செய்து கதவுக்குப் பச்சை அடிக்க வைத்தார். அப்புறம் வாசலில் துளசி. அப்புறம் முன்சுவரில் மயில் டைல்ஸ். ஜன்னலின் பர்கலர் கார்டு கம்பியில்கூட வெல்டரிடம் சொல்லி ஓம் வளைக்க வைத்தார். சிங்கம் கடைசியில் வந்தது. கவுன்சில் கொடுத்தது பெட்டி. அது யாருடைய பெட்டி என்று தெருவுக்குச் சொன்னது ஆயா. நான் மூன்று வருஷம் படித்துத் தெரிந்துகொண்டதைவிட அவருக்குக் கூடவே தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பிலடெல்ஃபியாவில் சௌத் ஸ்ட்ரீட் பக்கம் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியை வெட்டிக்கொண்டு ஒரு நெடுஞ்சாலை போடத் திட்டம் வந்தபோது, குடியிருந்தவர்களோடு சேர்ந்து அதை எதிர்த்து மாற்றுத் திட்டம் போட்டவரும் டெனிஸ்தான். சாலை வரவில்லை. எங்கள் பராக்ஸுக்கு அப்படி யாரும் வரவில்லை.

டெனிஸுக்குக் கிடைக்காமல் போன ஒரு பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1991ல் கட்டடக்கலையின் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் வென்டூரிக்கு மட்டும் கிடைத்தது. இருபது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வேலை செய்தவர்கள்; லண்டன் நேஷனல் கேலரியின் செயின்ஸ்பரி பகுதி, இருவரும் சேர்ந்து செய்தது, அதே வருஷம்தான் திறந்தது. விழாவுக்கு டெனிஸ் போகவில்லை. 2013ல் ஹார்வர்டில் படித்த இரண்டு பெண்கள் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி மனு போட்டார்கள். வென்டூரியும் கையெழுத்துப் போட்டார். முந்தைய நடுவர் குழுவின் முடிவை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் தன் விதியை மாற்றி, 2016ல் இருவருக்கும் சேர்த்துத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

இதற்கெல்லாம் ரொம்ப முன்பே, 1975ல், அவர் ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தார். கட்டடக் கலைஞர்கள் பேசட்டும் என்று அவரை மட்டும் ஒதுக்கி மனைவிகளோடு உட்கார வைத்த கதையெல்லாம் அதில் உண்டு. 1989 வரை அதை அச்சில் வரவிடவில்லை. ஏன் என்று எனக்குப் புரிகிறது. எங்கள் கராஜ்தான் எங்கள் ஆபீஸ். வரைவது நான், கணக்கும் கான்ட்ராக்டர்களும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. வருகிறவர்கள் அவரைப் பார்த்து, "அங்கிள், சாமி ரூமை எந்தப் பக்கம் வைப்பீங்க?" என்பார்கள். அவர் என்னைக் காட்டுவார். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி அவரிடமே கேட்பார்கள். கோபித்தால் வேலை போகும்.

பிரிட்ஸ்கர் கதையை ஒரு நாள் ராத்திரி அவரிடம் சொன்னேன்.

"அந்த ஆள் பரிசை வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"நீங்க சொல்லியிருப்பீங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆபீஸ்ல எத்தனை பேருக்குச் சம்பளம் போடணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமும்தான்.

போன மாதம் ஒரு ஆன்ட்டி முன்சுவரை எடுத்துக் கட்ட வந்தார். எல்லாம் பேசி முடித்து எழுந்தவர், நிலைப்படியில் நின்று குரலைத் தணித்தார். "கண்ணு, தூண் மேல சிங்கம் வைக்கலாமா? மருமக சிரிக்கிறா."

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சிங்கங்களை ஏற்கெனவே வாங்கி, கார்போர்ட்டில் போர்வை போர்த்தி வைத்திருந்தார். டேப்பை எடுத்து அளந்தேன். நான் வரைந்திருந்த தூண் 350 மில்லிமீட்டர். பின்னங்கால் வெளியே தொங்கும். 450 என்று திருத்திக்கொண்டு, வாலையும் அளந்தேன்.