புதிய ஏசியும் வெற்றிடப் பம்பும்

திருவான்மியூரில் எங்கள் வீட்டுக்குப் புதிய ஏசியைப் பொருத்த வந்த தம்பி, செப்புக் குழாய்களை இணைத்ததும், குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பம்பை எடுக்காமல், உள்ளிருக்கும் வாயுவையே சிறிது திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்ற முனைந்தபோது நான் தடுத்தேன். அந்தக் குளிரூட்டும் வாயுவான ஆர்-32 இலேசாகத் தீப்பற்றக்கூடியது. அதைக் கசியவிடுவது ஆபத்து என்பதோடு, குழாயில் தங்கும் ஈரம் எண்ணெயைக் கெடுத்துக் கம்ப்ரசரையும் பாழாக்கும். உலர் நைட்ரஜனால் அழுத்தச் சோதனை செய்து, இணைப்புகளில் சோப்பு நுரை பூசிப் பார்த்து, அதன்பிறகே பம்பை ஓடவிட்டு, 500 மைக்ரானுக்கு (குழாயில் எஞ்சும் அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கிய வெற்றிடம் நிலைக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்சிஜனைச் செலுத்தினால், அது எண்ணெயுடன் சேர்ந்து வெடித்துவிடும், உயிரே போகலாம்.

தம்பி மறுநாள் பம்புடன் வந்து வேலையை முறையாக முடித்தார்.

கடலோர உப்புக்காற்று வெளி அலகின் தகடுகளை அரிப்பதால், அவற்றை நன்னீரால் அடிக்கடி கழுவுகிறோம்; ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், மூடியைக் கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிடுகிறேன்.