பறந்த மாடும் பாட்டில் மூடுபனியும்

ஊட்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் காலை வழிபாட்டுக்கு முன் கரும்பலகையில் 'இன்று வரலாற்றில்' எழுதுவது என் பொறுப்பு. குறளுக்கும் செய்திக்கும் நடுவே யாரும் தலை நிமிர்ந்து பார்க்காத பகுதி. வெறுத்துப்போய், ஐந்து வரிகளில் ஒன்றைப் பொய்யாக எழுதி 'எது பொய்?' என்று கேட்க ஆரம்பித்தேன். மறுநாளே பலகைக்கு முன் கூட்டம்.

பிப்ரவரி 18 லேசில் வாய்க்காத நாள். 1911இல் அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களோடு பறந்தது முதல் அதிகாரபூர்வ விமானத் தபால். 1930இல் கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அதே நாளில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஒரு பசுவை விமானத்தில் ஏற்றி, பறக்கும்போதே கறந்த பாலைப் பாராசூட்டில் கீழே இறக்கினார்கள். 1970இல் எங்கள் முத்தோரை ரேடியோ தொலைநோக்கி, ரேடியோ அலைகளை அனுப்பும் ஒரு விண்மூலத்தை நிலா மறைப்பதைப் பதிவு செய்தது. ஐந்தாவது என் சொந்தச் சரக்கு: '1909: ஊட்டி மூடுபனியைப் பாட்டிலில் அடைத்து மலை ரயிலில் மெட்ராஸ் கவர்னருக்கு அனுப்பினார்கள்.'

பள்ளிக்கூடமே மாட்டைத்தான் பொய் என்றது. மூடுபனிமேல் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி வாதாடினாள்: "வெயிலுக்குப் பயந்து கோடையில் அரசாங்கத்தையே இங்கே தூக்கி வந்தவர்கள்தானே சார்? மெட்ராசுக்கு அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் வந்தது என்று நீங்களே சொன்னீர்கள்." இரண்டும் நான் நடத்திய பாடம். ஊட்டிக்கு ரயில் வந்ததும் 1908இல். ஆண்டும் பொருந்தித் தொலைத்தது.

தொலைநோக்கியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. 530 மீட்டர் நீளமானாலும் அவர்களுக்கு அது பஸ் ஜன்னலில் தினமும் தெரியும் கம்பிக் கூட்டம். கேரட் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் வரலாறாகுமா? மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையான 11 பாகைக்கு ஒத்துப்போவதால், ஒரே அச்சில் சுழன்றுகொண்டே ஒரு விண்மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடர முடிகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு ஏற்பாடும். மணி அடித்துவிட்டது.

மறுநாள் விடையைச் சொன்னேன். சார் மாற்றிச் சொல்கிறார் என்று முணுமுணுத்தார்கள்.

நான்கைந்து நாள் கழித்து, மூடுபனி இறங்கிய ஒரு காலையில், ஏழாம் வகுப்புப் பையன் ஓர் ஊறுகாய் பாட்டிலை நீட்டினான். விடியற்காலையில் தேயிலைச் சரிவில் நின்று பிடித்து, இறுக மூடி, கம்பளிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டு வந்திருக்கிறான். உள்பக்கம் லேசாக வேர்த்திருந்தது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர். திறந்தால் எலுமிச்சங்காய் வாசனை.

"மூடுபனி பொய்தான் சார்" என்றான். "அப்படியென்றால் மாடு?"

"மாடு உண்மை."

அவன் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் உண்டு. கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். "கன்று பக்கத்தில் நிற்காவிட்டால் எங்கள் மாடு ஒரு சொட்டு இறக்காது. கன்றையும் விமானத்தில் ஏற்றினார்களா சார்?"