ட்ரொம்சோக்கு மலிவாப் போற கதை

நேற்றுப் பின்னேரம் எங்கட இவர் ஹோலுக்க மூண்டு ஜக்கெட்டை ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டுக்கொண்டு, கையைக் கீழ விடேலாம ரெண்டு பக்கமும் விரிச்சபடி நிண்டார். நடு ஜக்கெட்டின்ர உள்பொக்கற்றுக்க மாசிச் சம்பல் போத்தல். மலிவு டிக்கெட்டுக்கு சீற்றுக்குக் கீழ வைக்கிற சின்னப் பை மட்டும்தானாம், உடம்பில போட்டிருக்கிறதை ஒருத்தரும் நிறுக்கமாட்டினமாம். "செக்கிங்ல அந்தப் போத்தலைத் தூக்கிக் குப்பையில போடுவாங்களப்பா, 100 மில்லிலீற்றருக்கு மேல" எண்டன். "மாசிச் சம்பல் தண்ணியே? நீர் பேசாம இரும்" எண்டு எனக்கே பாய்ச்சல்.

இவ்வளவுக்கும் காரணம் லண்டன் மச்சாள். ஆரோ ஓரோரா, அதான் வடக்கில ராவில வானத்தில பச்சையா ஆடுற வெளிச்சம், அந்த வீடியோ அனுப்பிப்போட்டினம், உடன போன். "நீங்கள் நோர்வேல தானே இருக்கிறியள், ட்ரொம்சோ பக்கம் தானே" எண்டு. பக்கமோ! நாங்கள் ஒஸ்லோவில, அது நோர்வேயின்ர வட அந்தத்தில. கொழும்பால யாழ்ப்பாணம் 400 கிலோமீட்டர், ஒஸ்லோவால ட்ரொம்சோ றோட்டால போனா அதைப் போல நாலு மடங்கு, அதுவும் சுவீடனுக்குள்ளால குறுக்க போனாத்தான். ரயிலே இல்லை அந்த ஊருக்கு. மச்சாள் விடேல்ல, "மெப்பில ரயில்வே ஸ்டேஷன் காட்டுதே" எண்டா. காட்டும்தான், அது தண்ணியடிக்கிற பார் ஒண்டு. ரயில் வராத ஊரெண்டு பகிடிக்கு வச்ச பேர். உண்மையான ஸ்டேஷன் வேணுமெண்டால் சுவீடன் சுத்தி நார்விக்கில இறங்கி, பிறகு நாலு மணித்தியாலம் பஸ்ஸில குந்தியிருக்கோணும்.

இவர் எக்செல் போட்டுட்டார். எக்செல் போட்டால் அந்தாள் வேற மனுசன். சாப்பாடு எண்ட இடத்தில சைபர் எண்டு அடிச்சு வச்சிருக்கிறார், வீட்டில இருந்து புட்டு அவிச்சு பிரீஸ் பண்ணிக் கொண்டுபோறமாம். தண்ணி பைப்பில, அதுவும் சைபர். மலைக்கு ஏத்துற கேபிள் காருக்கும் சைபர், ஏனெண்டால் நேபாளத்து ஷேர்ப்பாக்கள் வந்து கட்டின கல்லுப்படி பக்கத்திலயே இருக்காம், 1200 படியாம், ஏறினால் மேல அதே வியூவாம். பெப்ரவரி ஐஸில! எங்கட மூண்டாம் மாடிக்கு லிப்ட் வேலை செய்யாட்டிக் கீழ நிண்டு எனக்குப் போன் அடிக்கிற ஆள் இவர்.

ஓரோரா பாக்கக் கூட்டிக்கொண்டு போற பஸ் ஆளுக்கு 1000 குரோணருக்கு மேல. "வானத்தைப் பாக்கக் காசோ?" எண்டு கேட்டு அதையும் வெட்டிட்டார். ட்ரொம்சோ டவுண் ஒரு தீவில, பிரெஸ்ட்வன்னெட் ஏரி அந்தத் தீவின்ர நடு மேட்டில கிடக்கு, டவுண் லைட் குறைவு, நடந்து போய்ச் சும்மா பாக்கலாம், அது உண்மைதான். ஆனா முகில் மூடினால்? அந்த பஸ்காரர் முகில் விலகின இடம் தேடித் தேவைப்பட்டால் பின்லாந்துக்குள்ளயும் ஓடுவினம். நாங்கள் ஏரிக்கரையில நிண்டு முகிலைப் பாத்துக்கொண்டு புட்டுத் தின்னவேண்டியதுதான்.

மச்சாளுக்கு வேற கவலை. சூரியன் வராத ஊருக்குப் போறன் எண்டு வேலையிடம் முழுக்கச் சொல்லிப்போட்டா. நாங்கள் போறது பிள்ளையளின்ர பள்ளிக்கூட லீவுக்கு, பெப்ரவரியில. நவம்பர் கடைசியில போற சூரியன் ஜனவரி 15க்குத் திரும்புது, மலை மறைக்கிறதால 21க்குத்தான் ஊருக்குள்ள தெரியும், அண்டைக்கு அந்தச் சனம் ஜாம் வச்ச பணிஸ் திண்டு கொண்டாடும். நாங்கள் பொங்கி ஒரு கிழமைக்குப் பிறகு அவைக்குப் பொங்கல், அவ்வளவுதான். இதைச் சொன்னா "அப்ப வெளிச்சமோ?" எண்டு ஏதோ இருட்டை நான் நிப்பாட்டின மாதிரிக் கேக்கிறா. குளிரும் அவ நினைக்கிற அளவுக்கு இல்லை, கடல் நீரோட்டம் சூடு கொண்டுவாறதால ஜனவரியிலயே சராசரி மைனஸ் நாலு கிட்டத்தான், அதையும் சொல்லிப் பாத்தன், மனுசி நம்பேல்ல, துருவக்கரடி இருக்கோ எண்டு கேட்டா. (இல்லை. அது இன்னும் வடக்கில இருக்கிற சுவால்பார்ட் தீவுகளில.)

வாடகைக்குப் பாத்த வீட்டில ஒரு சட்டம் எழுதிக்கிடக்கு, குசினியில மீன் பொரிக்கக் கூடாதாம். சுத்தவரக் கடல், ஊர் முழுக்க மீன், பொரிக்கக் கூடாது.

அப்பா இவ்வளவு நேரமும் ரீவி பாக்கிற மாதிரி இருந்தவர். அவர் 87இல வந்து ட்ரொம்சோக்கும் அங்கால பின்மார்க்கில, போட்ஸ்பியூர் எண்ட ஊரில மீன் பக்டரியில நிண்டவர், அப்ப எங்கட பெடியள் கனபேர் அங்கதான். "எங்களுக்கு அந்த இருட்டுக்குள்ள நிக்கச் சம்பளம் தந்தவங்கள், நீங்கள் காசு குடுத்துப் போறியள்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுத் திரும்ப ரீவி. கொஞ்சம் பொறுத்து, "தம்பி, அந்தக் கப்பல் இப்பவும் போட்ஸ்பியூருக்குப் போகுதோ?"

கரையோரம் ஊர் ஊரா நிண்டு போற ஹூர்த்திறூத்தன் கப்பல். போகுது. ட்ரொம்சோவில பின்னேரம் ஏறினால் அடுத்த நாள் நடுச்சாமம் கிட்ட இறக்கிவிடும்.

விசயம் என்னெண்டால் இடியப்ப உரல். அப்பம்மா குடுத்துவிட்ட பித்தளை உரல். வாடகைக்கு இருந்த வீட்டுக் கிழவி லெஃப்ஸ எண்ட நோர்வே ரொட்டி சுட உருளைக்கிழங்கு பிழியவெண்டு இரவல் வாங்கினவவாம், பிறகு அப்பா ஒஸ்லோக்கு மாறேக்க அது அவவிட்டயே நிண்டுட்டுது. "இரவல்தான் குடுத்தனான், தூக்கிக் குடுக்கேல்ல" எண்டு வலு கண்டிப்பாச் சொல்றார். நடுச்சாமத்தில போய் ஆற்ற கதவத் தட்டுறது எண்டன். "அவ முழிச்சிருப்பா, எந்த நேரமும் கோப்பி குடிக்கிற மனுசி. அப்பவே அறுபது, ஆனா நல்ல பலம்."

எல்லாத்துக்கும் கணக்குப் பாக்கிற எங்கட இவர் அதுக்கு மட்டும் கணக்குப் பாக்கேல்ல. ஜக்கெட்டைக் கழட்டிப்போட்டு, எக்செல்ல கப்பல் எண்டு புதுசா ஒரு கொலம் போட்டார், அப்பாவுக்குக் கட்டிலோட கபினும். தொகையைப் பாத்து எனக்கு நெஞ்சடைச்சுது. ஏரிக்குச் சும்மா நடக்கிறம், படியில ஏறுறம், புட்டு, சம்பல், எல்லாத்திலயும் மிச்சம் பிடிச்சது ஒரு உரலுக்குப் போகுது, அதுக்குப் பாரிஸ் கடையில நாலு உரல் புதுசா வாங்கலாம்.

இதை வாய் வச்சுக்கொண்டு இருக்காம இவர் குறூப்பில போட்டுட்டார். இண்டைக்குக் காலமை மச்சாளின்ர வொய்ஸ் மெசேஜ்: "கப்பலெண்டால் மாமியும் வாறாவாம், அவவுக்குக் கீழ்த் தட்டுக் கட்டில் பாருங்கோ, யன்னல் பக்கமா."