சர்க்கரை வராமல் தடுக்க எங்கள் கம்பெனி நடத்திய திட்டம்: ஓராண்டு அனுபவம்

அம்பத்தூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வயது நாற்பத்து நான்கு. நாள் முழுக்க மேசை முன்னால் உட்கார்ந்து, கேஜை வைத்து அளந்து, சரியில்லாததை ஒதுக்கும் வேலை. எங்கள் கம்பெனியில் நடந்த சர்க்கரைத் தடுப்புத் திட்டத்தில் ஓராண்டு இருந்து முடித்திருக்கிறேன். உங்கள் இடத்திலும் இப்படி ஒன்று தொடங்கினால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் ஒரு சின்ன கேள்வித்தாள். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று நான்கே கேள்விகள். சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊர் ஆட்களுக்கென்றே உருவாக்கிய மதிப்பெண் முறை அது. நூற்றுக்கு 60 தொட்டாலே ஆபத்து அதிகம் என்று கணக்கு. பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கை இதில் வாங்கினேன், 80. என் இரண்டு மாமாக்களுக்கும் சர்க்கரை உண்டு, ஆனால் மாமாக்களுக்கு மார்க் கிடையாதாம்.

இடுப்பை அளக்கும்போதுதான் கொஞ்சம் கூச்சம். இரண்டு பீரோக்களுக்கு நடுவில் ஒரு பெட்ஷீட்டைக் கட்டி பெண்களுக்குத் தனி இடம் ஏற்பாடு செய்திருந்தார்கள். நர்ஸ் கடைசி விலா எலும்பை விரலால் தேடினார், இடுப்பு எலும்பைத் தேடினார், இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினார். "மூச்சை இழுக்காதீங்கக்கா, சாதாரணமா விடுங்க" என்றார். 92 செ.மீ. பெண்களுக்கு 80-க்குள்ளும் ஆண்களுக்கு 90-க்குள்ளும் இருக்க வேண்டுமாம். வெளியே வந்து பார்த்தால் ஆண்கள் வரிசையில் பாதிப் பேர் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

மார்க் அதிகம் வாங்கியவர்களுக்கு ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒருமுறை எடுத்துவிட்டு, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கித் தந்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொன்னார்கள். குமட்டுகிற தித்திப்பு. அப்புறம் இரண்டு மணி நேரம் நடக்காமல், எதுவும் சாப்பிடாமல் உட்கார வேண்டும். சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், அங்கே லைனில் பெட்டிகள் குவிந்துகொண்டிருந்தன. எனக்கு வெறும் வயிற்றில் 108, இரண்டு மணி நேரம் கழித்து 164, மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c 6.1 சதவீதம். வெறும் வயிற்றில் 100 முதல் 125, குளுக்கோஸ் குடித்த பிறகு 140 முதல் 199, சராசரி 5.7 முதல் 6.4. இந்த வரம்புக்குள் இருந்தால் பார்டர் லைன். நான் மூன்றிலும் அதற்குள்தான்.

"சர்க்கரை வரவில்லையே, பிறகு எதற்கு வகுப்பு?" என்று நாங்கள் சிலர் கேட்டோம். வந்திருந்த டாக்டர் சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வைச் சொன்னார். பார்டர் லைனில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்ற வைத்தவர்களில் அது 39 சதவீதம். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில், வேலைக்குப் போகும் ஆண்களுக்குச் செல்போனில் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டியதிலேயே, இரண்டு ஆண்டில் சர்க்கரை வந்தவர்கள் 27 சதவீதத்துக்குப் பதில் 18 சதவீதம். அதில் ஏன் ஆண்கள் மட்டும் என்று கேட்க நினைத்தேன், அதற்குள் ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது.

வகுப்பு முதல் நான்கு மாதம் வாராவாரம், அதன்பின் மாதம் ஒன்று. எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். 70 கிலோ இருந்த எனக்கு மூன்றரை முதல் ஐந்து கிலோ. கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

தொடக்கத்தில் எல்லாமே கோணல். வகுப்புக்கான பெயர்ப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். மறுநாளே எங்களுக்கு "சுகர் பேட்ச்" என்று பெயர். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பி அன்றோடு நின்றுவிட்டான், அவன் கோபம் நியாயம். ரத்தப் பரிசோதனை முடிவு மேனேஜர் கைக்குப் போகுமா, ஓ.டி.யை, அதாவது கூடுதல் நேர வேலையை வெட்டுவார்களா என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. சண்டை போட்ட பிறகுதான் பட்டியலைக் கிழித்தார்கள், ரிப்போர்ட்டை உறையில் போட்டு அவரவர் கையில் தந்தார்கள்.

அடுத்தது நேரம். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும், கம்பெனி பஸ் இரண்டே காலுக்குக் கிளம்பும். வகுப்பை இரண்டு மணிக்கு வைத்தார்கள். திருவள்ளூர் பஸ்ஸில் போகிறவர்கள் எப்படி இருப்பார்கள்? பெண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டோம். 'தொழிலாளர்களுக்கு ஆர்வமில்லை' என்று ஹெச்.ஆரில் எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வகுப்பை ஷிஃப்ட்டுக்குள்ளேயே, டீ நேரத்தோடு சேர்த்து அரை மணியாக வைத்த பிறகு அதே ஆட்கள்தான் வந்து உட்கார்ந்தோம்.

முதலில் வந்த டயட்டீசியன் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், பிராக்கோலி என்று திரையில் படம் காட்டினார். பின்வரிசையில் நல்ல தூக்கம். அவருக்குப் பின் வந்தவர் வேறு மாதிரி. நேராக கேன்டீனுக்கு வந்து, எங்களோடு வரிசையில் நின்று, எங்கள் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்தார். சோறு மூன்று பெரிய கரண்டி, சாம்பார், ரசம், ஒரு ஸ்பூன் பொரியல், அப்பளம். "பொரியலைத் தொட்டுக்க வச்சிருக்கீங்க, அதைச் சாப்பிடணும்" என்றார். என்னைப் பொறுத்தவரை திட்டம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

டீயிலிருந்து ஆரம்பித்தோம். எங்கள் கேன்டீனில் பாலும் சர்க்கரையும் கலந்தே டிரம்மில் வரும். ஷிஃப்ட்டுக்கு மூன்று டீ, விருந்தாளி வந்தால் இன்னொன்று. சர்க்கரை வேண்டாம் என்பவருக்கு வழியே கிடையாது. கேன்டீன் மாஸ்டரிடம் தனி டிரம் கேட்டபோது, "ஏம்மா, அது அப்படியே திரும்பி வரும், எனக்குத்தான் பேச்சு விழும்" என்றார். "ஒரு வாரம் போட்டுப் பாருங்கண்ணே" என்றேன். சர்க்கரையைப் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் வைத்தார். திரும்பி வரவில்லை. திட்டத்தில் இல்லாதவர்கள்கூட அரை ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டார்கள்.

சாயங்கால போண்டாவை மாற்றுவதில்தான் ரகளை. முதல் நாள் வந்த கொண்டைக்கடலைச் சுண்டல் சரியாக வேகவே இல்லை, பல்லில் கடிபடவில்லை. பிரஸ் ஷாப்பில் தூக்கிச் சுமக்கும் டிரெய்னிப் பையன்கள், "உங்களுக்கு சுகர்னா எங்களுக்கு ஏன்க்கா தண்டனை?" என்று கேட்டார்கள். இருபது வயதில் அந்த வேலைக்கு அந்தச் சோறும் போண்டாவும் வேண்டும்தான். வாரத்தில் மூன்று நாள் சுண்டல், மற்ற நாள் பழையபடி என்று முடிவாயிற்று. சோற்றுக்கு அளவு வைக்கும் யோசனையையும் விட்டுவிட்டு, கவுன்டர் வரிசையை மட்டும் மாற்றினார்கள். முன்பு சோறு முதலில், காய் கடைசியில். இப்போது கூட்டும் பொரியலும் முதலில், சோறு கடைசியில். தட்டில் பாதி இடம் ஏற்கனவே நிரம்பியிருக்கும், கை தானாகக் குறைத்து வாங்குகிறது. கூட்டை முன்பைவிட அதிகமாகச் சமைக்க வேண்டியிருக்கிறது, செலவு ஏறுகிறது என்று கான்ட்ராக்டர் முனகினார். அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. வகுப்புக்குச் செலவிட்டதைவிட உருப்படியான செலவு இதுதான் என்பேன்.

இந்த மாற்றத்தை எல்லாம் கேன்டீன் கமிட்டி வழியாகத்தான் செய்ய முடிந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வேண்டும், அதன் நிர்வாகத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விஷயம். எங்கள் கமிட்டி கையெழுத்து போடுவதற்கு மட்டும் கூடிக்கொண்டிருந்தது. இப்போது மிளகாய்ப்பொடிக் கணக்குவரை கேட்கிறார்கள்.

நடை பற்றிச் சொல்ல அதிகமில்லை. சேஃப்டி ஷூவோடு வேகமாக நடந்தால் குதிகால் தோல் உரியும், ஃபோர்க்லிஃப்ட் போகும் பாதையில் நடக்கவும் விடமாட்டார்கள். சாப்பிட்ட பிறகு ஸ்டோருக்குப் பின்னால் பத்து, பதினைந்து நிமிடம், மீதி வீட்டுப் பக்கம். பக்கத்து மெஷின் தோழி துணைக்கு வந்த வாரங்களில் நடந்தேன், அவள் லீவு போட்டால் நானும் லீவு.

ஓராண்டு முடிவில் எடை 66, இடுப்பு 88, சராசரி 5.8. பார்டரைத் தாண்டி வெளியே வரவில்லை, ஆனால் உள்ளே போவது நின்றிருக்கிறது. வருடம் ஒருமுறை பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் குழுவில் ஒல்லியான ஒரு வெல்டர் அண்ணன் இருந்தார். ஒரு வகுப்பு விடவில்லை, போண்டாவைத் தொடவில்லை, ஆனாலும் அவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சிலருக்கு இன்சுலின் சுரப்பே குறைந்துகொண்டு வரும், அது அவர் குற்றமில்லை என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சீக்கிரமே தெரிந்துகொண்டதுதான் அவருக்குக் கிடைத்த லாபம்.

இரண்டு விஷயம் இன்னும் தீரவில்லை. கான்ட்ராக்ட் தொழிலாளர்களை இதில் சேர்க்கவே இல்லை. அதே கேன்டீன், அதே டிரம் டீ, ஆனால் ரத்தப் பரிசோதனை கிடையாது. 2024-இல் தொடங்கிய அரசின் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' குழு வந்தபோதுதான் அவர்களில் பலர் முதன்முதலாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டார்கள். இன்னொன்று நைட் ஷிஃப்ட். ராத்திரி ஒரு மணிக்கு எலுமிச்சை சாதமும் உப்புமாவும்தான், கூட்டு பொரியல் கிடையாது, சர்க்கரை இல்லாத டிரம்மும் கிடையாது, சமையலுக்கு ஆள் இல்லை என்கிறார்கள். ராத்திரிக்கு அவித்த முட்டையும் சுண்டலும் முன்கூட்டியே செய்து வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இரண்டும் வருகிறது. கான்ட்ராக்ட் ஆட்கள் பெயரையும் சேர்த்து நான்தான் மனு எழுதினேன், ஹெச்.ஆர். இன்னும் பதில் தரவில்லை.